கானா ஊர்க் கல்யாணமும் காசிமேட்டு குவார்ட்டரும்

நடுவர் ஐயாவுக்கும், முன்வரிசையில் சமோசா தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், மாடிப்படியில் நின்றுகொண்டு இது எப்போது முடியும், நாம் எப்போது பாடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கும் கொயர் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம். ராயபுரம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கத்தோலிக்கச் சொந்தங்களுக்கு இயேசுவுக்கே புகழ். வியாசர்பாடியிலிருந்து வந்திருக்கும் பெந்தெகொஸ்தே சகோதரர்களுக்கு பிரெய்ஸ் த லார்ட். யாரையாவது விட்டிருந்தால் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளலாம், எனக்குப் பத்து நிமிஷம்தான்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். கிறிஸ்தவர் மதுவை அறவே விலக்க வேண்டுமா, அளவோடு இருந்தால் போதுமா? அளவு போதும் என்று எதிரணி அண்ணன் பேசி, இவ்வளவு கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கானா ஊர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரை ரசமாக்கினார், பவுல் தீமோத்தேயுவைக் கொஞ்சம் குடிக்கச் சொன்னார், மனுஷனுடைய இருதயத்தை மகிழ்ச்சியாக்கும் திராட்சரசம் என்று 104ஆம் சங்கீதமே பாடுகிறது, ஆக வேதத்தில் இல்லாத தடையை நீங்கள் யார் போடுவதற்கு என்று கேட்டார். கடைசியில் என்னைக் கையைக் காட்டி, ரம்மில் ஊறின கிறிஸ்துமஸ் கேக்கைத் தின்றுவிட்டு ரம்முக்கு எதிராகப் பேச வந்திருக்கிறார்கள் என்றார். கேக் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன் அண்ணா.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அண்ணன் சொன்ன வசனம் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. எங்கள் அணியில் முதலில் பேசிய தம்பி, கானாவில் இருந்தது வெறும் பழச்சாறு என்றான். தம்பி, கோவித்துக்கொள்ளாதே, அக்கா அதை ஒத்துக்க மாட்டேன். நம் தமிழ் வேதாகமத்தில் திராட்சரசம் என்று அச்சாகியிருப்பதால் நமக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடை ஞாபகம் வருகிறது. பந்தி விசாரிப்புக்காரன் மணவாளனிடம் என்ன சொல்கிறான்? எல்லாரும் முதலில் நல்லதைக் கொடுப்பார்கள், ஜனங்கள் திருப்தியடைந்த பின்பு மட்டமானதை எடுப்பார்கள், நீர் என்னவென்றால் நல்லதைக் கடைசிவரை வைத்திருந்தீரே என்கிறான். அந்தத் 'திருப்தியடைந்த பின்பு' இருக்கிறதே, கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல்லுக்கு போதை ஏறின பின்பு என்றுதான் அர்த்தம். மொழிபெயர்த்த ஐயாமார் கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. அதுவும் போகட்டும், ஆறு கற்சாடி, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்று யோவான் எழுதுகிறார், அந்தக் கால அளவைப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 500 லிட்டரிலிருந்து 700 லிட்டர் வரை வரும். இவ்வளவையும் வெறும் ஜூஸ் என்று சாதித்து நான் ஜெயிக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு இடத்துக்கும் போகலாம். கானாவில் வருகிற கிரேக்கச் சொல் 'ஒய்னோஸ்'. அங்கே நமக்கு அது திராட்சரசம். அதே ஒய்னோஸ் ரோமர் 14:21இல் வருகிறபோது நம் வேதாகமம் மதுபானம் என்று போடுகிறது. அங்கே பவுல் சொல்வது, மாம்சம் புசிக்கிறதும் மதுபானம் பண்ணுகிறதும் உன் சகோதரன் இடறுகிறதற்கு ஏதுவாயிருந்தால், அவைகளில் ஒன்றையும் செய்யாமலிருப்பதே நன்மையாயிருக்கும். கவனிக்க வேண்டும். குடிப்பது பாவம் என்று அந்த வசனம் சொல்லவில்லை. நீ குடிக்கலாமா என்ற கேள்வியை எடுத்துவிட்டு, உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் என்று கேட்கிறது. என் கட்சி முழுவதும் அதுதான் ஐயா. நான் சட்டத்துக்காக விலகச் சொல்லவில்லை, பக்கத்து பெஞ்சுக்காக விலகச் சொல்கிறேன்.

சரி, பக்கத்து பெஞ்சில் யார் இருக்கிறார்கள்? இது கலிலேயாவிலுள்ள கானா இல்லை. நம்ம ஊரில் கானா என்றால் பாட்டு. இங்கே ஹார்பர், மீன்பிடித் துறைமுகம், ரயில்வே ஒர்க் ஷாப், எண்ணூர் கம்பெனிகள், மூடிப்போன மில்கள். உடம்பு நோக உழைத்துவிட்டு வருகிறவர்களின் ஊர். ஒயின் ஷாப் என்று பெயர் வைத்த கடைகளில் நின்றவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒருத்தர்கூட ஒயின் கேட்டதில்லை. கேட்டது குவார்ட்டர். கொஞ்சம் கணக்குப் போடலாமா? குவார்ட்டர் என்றால் 180 மில்லி, லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும், அப்படியானால் அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் 77 மில்லி. சாதாரண ஒயினில் 12 சதவீதம் வைத்துக்கொண்டால், அந்த 77 மில்லிக்கு ஒருத்தன் 640 மில்லி ஒயினைக் குடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒயினில் தண்ணீர் கலந்துதான் பந்தியில் ஊற்றுவது வழக்கம், பாதிக்குப் பாதி என்று வைத்தாலும் ஒன்றேகால் லிட்டரைத் தாண்டிவிடும். கானாவில் சாயங்காலம் முழுக்க சாப்பாட்டோடு உட்கார்ந்து குடிக்கிற சமாச்சாரம், இங்கே பாரில் ஒரு வாட்டர் பாக்கெட்டும் ரெண்டு சுண்டலும் வைத்து ஏழு நிமிஷத்தில் முடிகிறது. வேதம் எழுதின காலத்தில் காய்ச்சி வடித்த சரக்கு என்று ஒன்று அந்த ஊரில் கிடையாது. அண்ணன் அந்தச் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு வந்து பிராந்தி பாட்டிலின் மேல் ஒட்டுகிறார்.

தீமோத்தேயுவைப் பற்றி ஒரு வார்த்தை. 'நீ இனிமேல் தண்ணீர் மாத்திரம் குடியாமல்' என்றுதான் அந்த வசனம் ஆரம்பிக்கிறது. அதாவது அந்த இளம் ஊழியக்காரர் அதுவரை வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்! அவரைக் கொஞ்சம் ஒயின் குடிக்க வைக்க ஒரு அப்போஸ்தலர் கடிதம் எழுத வேண்டியிருந்தது, அதுவும் வயிற்றுக்காக. குவார்ட்டர் அடித்து வயிறு சரியானவர் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால் கையைத் தூக்கலாம். மேலே பாருங்கள், மாடிப்படியில் ஒரு பையன் தூக்குகிறான். அவனுடைய அம்மா பார்த்துக்கொள்வார்.

இந்த விலக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் சுவாரசியமாக இருக்கும். ஆயிரத்து எழுநூறு வருஷம் சபைகள் குடித்துக்கொண்டுதான் இருந்தன. மார்ட்டின் லூத்தர் வீட்டில் பீர் காய்ச்சியது அவருடைய மனைவி கத்தரீனா. பெல்ஜியத்தில் டிராப்பிஸ்ட் துறவிகள் இன்றைக்கும் மடத்திலேயே பீர் காய்ச்சுகிறார்கள், அவர்களை யாரும் சபையை விட்டுத் தள்ளவில்லை. மாற்றம் எங்கே தொடங்குகிறது? 1743இல் இங்கிலாந்துப் போதகர் ஜான் வெஸ்லி தன் மெதடிஸ்ட் கூட்டங்களுக்கு விதிமுறை எழுதுகிறார். ஒயினை அவர் தடுக்கவில்லை. காய்ச்சி வடித்த சாராயத்தை வாங்காதே, விற்காதே, உயிர் போகிற அவசரம் இல்லாமல் குடிக்காதே என்று எழுதுகிறார். அப்போது லண்டன் ஏழைகளை ஜின் என்கிற சாராயம் தின்றுகொண்டிருந்த காலம். அப்புறம் 1865இல் அதே லண்டனின் கிழக்குப் பக்கம், துறைமுகக் கூலிகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில், வில்லியம் பூத்தும் கேத்தரின் பூத்தும் ஆரம்பித்த வேலைதான் பின்னால் இரட்சண்ய சேனை ஆனது. அதில் போர்வீரனாகச் சேருகிறவன் மது தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். 1882இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டார்கள்.

துறைமுகம், மில், கூலி, வாரச் சம்பளம், சாராயக் கடை. இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் சபை 'வேண்டாம்' என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறது. பணக்காரத் தோட்ட வீட்டில் உட்கார்ந்து யாரும் இந்த உபதேசத்தைக் கண்டுபிடிக்கவில்லை. நம்மள மாதிரி தெருவில், சனிக்கிழமை ராத்திரி கதவு தட்டுகிற சத்தத்துக்குப் பயந்த பெண்களுக்கு நடுவில் பிறந்த உபதேசம் இது. அண்ணன் இதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த கண்டிப்பு என்றார். வெள்ளைக்காரன் பிராந்தியையும்தான் கொண்டுவந்தான், அதை மட்டும் நம்ம பாரம்பரியம் மாதிரி பேசுகிறார்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். அப்பா ஹார்பரில் வின்ச் ஓட்டியவர். நல்ல மனுஷர், எல்லாக் குடிகாரர் வீட்டிலும் இப்படித்தான் சொல்வார்கள், தெரியும், ஆனால் நிஜமாகவே நல்ல மனுஷர். சம்பள நாளில் அம்மா என்னைத்தான் கேட் வாசலுக்கு அனுப்புவார். எனக்குப் பத்து வயது. பெண் பிள்ளை நின்றால் வெட்கப்பட்டு வீட்டுக்கு வருவார் என்று ஒரு நம்பிக்கை. பாதி நாள் வேறு கேட் வழியாகப் போய்விடுவார். சபையில் என்ன செய்தார்கள்? அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து வரிசையில் எழுந்தவரை, நீ உட்காரு என்றார் ஒரு பெரியவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. எந்தச் சபை, யார் என்று சொல்லமாட்டேன். அப்பா உட்கார்ந்தார். அதற்கப்புறம் ரெண்டு வருஷம் கோயில் பக்கமே வரவில்லை. அதனால், கண்டிப்பு ஆளைத் துரத்திவிடும் என்று அண்ணன் சொன்னதை என் சொந்த அனுபவத்திலிருந்தே ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை, சனிக்கிழமை கறுப்பு பாலிதீன் பை என்று இரட்டை வாழ்க்கை வாழ்கிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சிலர் சிரிக்கிறீர்கள், சிலர் செல்போனைப் பார்க்கிறீர்கள்.

அப்பாவைக் கொண்டுவந்தது எங்கள் தெருவில் இருந்த ஒரு மாமா. மண்ணடியில் பிரஸ் வேலை, கொயரில் பேஸ் பாடுவார். அண்ணன் சொல்கிற 'அளவு' என்பதற்கு உருவம் கொடுத்தால் அவர்தான். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, சொந்தத்தில் கல்யாணம் என்றால் ஒன்று, அதற்கு மேல் தொடமாட்டார், குடித்தது முகத்தில்கூடத் தெரியாது. அவருக்கு நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் ஆரம்பிக்கிற நேரத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு அப்பாவிடம் சொன்னார்: "நீ ஒண்டியா விட்டா விடமாட்டே. நானும் உன்கூட விட்டுட்றேன்." அவ்வளவுதான். பிரசங்கம் இல்லை, வசனம் இல்லை.

முதல் மூன்று நாள் அப்பாவுக்குக் கை நடுக்கமும் தூக்கமில்லாமையும் பயங்கரமாக இருந்தது. ரொம்ப வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம், அதனால் மாமா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். ஜெபம் மட்டும் போதும் என்று யாராவது வீட்டில் இதை நினைத்துக்கொண்டிருந்தால் தயவு செய்து டாக்டரிடமும் போங்கள். அப்புறம் சம்பள நாளில் கேட் வாசலில் நான் நிற்கவில்லை, சைக்கிளோடு மாமா நின்றார். கல்மண்டபம் பக்கம் போனால் கடை என்று அவரைத் தெருத்தெருவாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வருவார். சொந்தக்காரர் கல்யாணத்தில் மாடியில் பாட்டில் திறந்தால், கீழே ரெண்டு பேரும் பன்னீர் சோடா. "இன்னா மச்சான், பாஸ்டர் ஆயிட்டியா?" என்று கேலி செய்வார்கள், மாமா சோடாவைத் தூக்கிக் காட்டுவார்.

ஆறு மாதம் கழித்து, சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குத் திடப்படுத்தல் என்று வேறொரு கோயிலுக்குப் போயிருந்தோம். அங்கே திருவிருந்தில் கொடுத்தது வீட்டிலேயே போட்ட ரசம், நன்றாகப் புளித்து நுரைத்து ஒயினாகவே ஆகியிருந்தது. பக்தியாகத்தான் செய்திருந்தார்கள், குறை சொல்லவில்லை. அப்பா முழங்கால் போட்டிருந்தார். சின்ன கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். வாசனை. தோளிலிருந்து விரல் நுனி வரை நடுங்கினதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். கிளாஸைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். பக்கத்தில் மாமா, தன்னுடையதையும் குடிக்காமல் வைத்தார். ஆயர் முகம் மாறியது, பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். அன்று ராத்திரி அப்பா ரெண்டு தடவை செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனார். மாமா தெரு டியூப்லைட் வெளிச்சத்தில் கேரம் போர்டைப் போட்டுவிட்டார். அப்பாவின் ஸ்ட்ரைக்கர் நேராகவே போகவில்லை, கை அப்படி நடுங்கியது. தெருவில் ஒரு பயல் இல்லாத நேரம், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் காய் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா மூன்று தடவை டீ போட்டார்.

இதைப் பல வருஷம் கழித்து யோசித்தபோதுதான் 1869இல் நடந்த ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. அமெரிக்காவில், நியூஜெர்சியில் வைன்லாந்து என்ற ஊரில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்று ஒரு பல் டாக்டர், மெதடிஸ்ட்காரர். பாஸ்டர் கண்டுபிடித்த சூடாக்கும் முறையை, நம்ம பாஸ்டர் இல்லை, பிரெஞ்சுக்காரர் லூயி பாஸ்டர், திராட்சைச் சாற்றில் செய்து பார்த்து, புளிக்காத ரசத்தைத் திருவிருந்துக்காகவே தயாரித்தார். அதற்கு முன்னால் சாற்றைப் புளிக்காமல் மாதக்கணக்கில் வைப்பது லேசான காரியம் இல்லை. இன்று நம்மில் பல சபைகளில் சாதாரணமாக வாங்கிக் குடிக்கிற ரசத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கவலை இருக்கிறது. கத்தோலிக்கச் சொந்தங்கள் கோவித்துக்கொள்ள வேண்டாம், பூசையில் இயல்பான திராட்சை ஒயின்தான் இருக்க வேண்டும் என்பது உங்கள் திருச்சபைச் சட்டம், தெரியும். ஆனால் உங்களிடத்திலேயே குடிநோயில் விழுந்து எழுந்த குருக்களுக்கு, மேற்றிராணியார் அனுமதியோடு, புளிப்பு ஏறாத 'முஸ்தும்' பயன்படுத்த வழி வைத்திருக்கிறார்கள். பலிபீடத்திலேயே ஒரு பலவீனருக்காக இடம் விடுகிறார்கள் என்றால் நம்ம வீட்டு மாடிப் பார்ட்டியில் விட முடியாதா?

அளவு, அளவு என்கிறார்களே, யாருடைய அளவு? மாமாவுக்கு ஒன்று அளவு. அப்பாவுக்கு அந்த ஒன்று ஆரம்பம். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், யார் எது என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. உடம்புக்கணக்கில் பார்த்தாலும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதை வைத்து நான் வாதாடவில்லை, டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சட்டம் போட்டு நிறுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். அதை நான் கேட்கவில்லை. நாகாலாந்தில் பாப்டிஸ்ட் சபைகள் கேட்டு 1989இல் மதுவிலக்கு வந்தது, மிசோரமில் 1997இல் அமலாகி, 2015இல் தளர்ந்து, 2019இல் மறுபடி வந்தது. சபையே பெரும்பான்மையாக இருக்கிற ஊர்களின் கதை அது. நம்ம ஊரில் டாஸ்மாக் மூடுகிற நாட்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், திருவள்ளுவர் தினம் இருக்கும், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மிலாடி நபி எல்லாம் இருக்கும். பெரிய வெள்ளி இருக்காது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, கடை திறந்திருக்கிற நாளில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கவலை.

முதல் மணி அடித்துவிட்டார்கள். கேக்.

பெரம்பூரில் எங்கள் பாட்டி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டியிடம் கிறிஸ்துமஸ் ஒயின் போடக் கற்றுக்கொண்டார். பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பட்டை, கிராம்பு. எல்லாம் பெரிய பீங்கான் ஜாடியில் போட்டு, வாயில் வெள்ளைத் துணி கட்டி, தினமும் மரக்கரண்டியால் ஒரு கிண்டு, இருபத்தொரு நாள். நவம்பர் கடைசியில் வீடே மணக்கும். கிண்டுகிற வேலை என்னுடையது, எனக்கு அதில் அவ்வளவு பெருமை. அப்பா விட்ட வருஷம் பாட்டி ஜாடியை இறக்கவே இல்லை. யாரும் சொல்லவில்லை. அப்பாதான் ஒருநாள், "இன்னா, இந்த வருஷம் ஒயின் போடல?" என்று கேட்டார். திராட்சை விலை ஏறிடுச்சு என்றார் பாட்டி. அந்த வருஷம் திராட்சை மலிவு, மார்க்கெட்டுக்குப் போய் வந்தவள் நான்தான்.

அந்த ஜாடி இப்போது என் சமையல்கட்டில் இருக்கிறது, கல்லுப்பு போட்டு வைத்திருக்கிறேன். கேக்குக்கு உலர்திராட்சையை ஆரஞ்சுச் சாற்றில்தான் ஊறப்போடுகிறேன் அண்ணா, இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ரம் இல்லையே என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. இருபத்தைந்தாம் தேதி காலையில் ஆராதனை முடிந்ததும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாங்க. மாமாவும் வருவார், எண்பது வயதாகிவிட்டது, கேரம் போர்டு மட்டும் இன்னும் விடவில்லை.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டார்கள். நன்றி, வணக்கம்.